நேர்கோட்டில் பத்து அடி

அத்தியாயம் ஒன்பது

வகுப்பில் ஓடிய படம் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடம் லரிஸா ஹ்ரிஷ்கோவின் பதினோரு வருடத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது.

படத்தில் வந்தவர் யாரோ. முகத்தை மறைத்திருந்தார்கள். நீளமான நடைவழியில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தார். முழங்கால் திடீரென்று மடங்கி நிமிர்ந்தது. தோள் தானாகக் குலுங்கியது. தொடையோரம் தொங்கிய விரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாத்தியத்தை வாசித்துக்கொண்டே வந்தன.

"ஹன்டிங்டன் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று பேராசிரியர் கோடே சொல்லிக்கொண்டு போனார். உடலியக்கவியல் நான்காம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மனிதன் எப்படி நடக்கிறான், ஏன் தடுமாறுகிறான், எப்படி விழுகிறான் என்று நாலு வருடம் படிக்கிற படிப்பு. அவர்களுக்கு அது தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வி.

லரிஸாவுக்குப் படத்தில் இருந்த ஆளைத் தெரியாது. நடையைத் தெரியும்.

அது அவள் அப்பா வால்டரின் நடை. 'குடிகார வால்டர்' என்று வெரேஷ்னா ஊரே கை காட்டிய நடை. பத்து வயதில், கடைத்தெருவில் அப்பா அப்படி வருவதைப் பார்த்தால் அவள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவாள். கூடப் படிக்கிற பெண்கள் பார்த்துவிடக் கூடாதே என்கிற பயம். அந்த வருட அறுவடைக் காலத்தில்தான் அவர் இரும்புத் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். போதையில் ஏறியிருக்கிறார் என்றது ஊர்.

இருந்தாலும் செத்தவரைப் பற்றிய கவலை அல்ல அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. போன ஆகஸ்டில் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணன் நெஸ்டர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அவன் வலது கை விரல்கள் மேசைவிரிப்பின்மேல் தாமாக வாசித்துக்கொண்டிருந்தன.

நெஸ்டருக்கு முப்பத்து நாலு வயது. அப்பா விட்டுப்போன நிலத்தில் கோதுமையும் கனோலா எண்ணெய்வித்தும் போடுகிறான். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் காலையும் மாலையும் மஞ்சள் பேருந்து ஓட்டுகிறான். அதில் பத்தொன்பது பிள்ளைகள். அவன் மனைவி ஷெல்பிக்கு இது ஐந்தாவது மாதம்.

வெள்ளிக்கிழமை லரிஸா கோடேயின் அறைக் கதவைத் தட்டினாள்.

"புரொஃபசர், எங்க அண்ணன ஒரு தடவ நம்ம லேபுக்குக் கூட்டிட்டு வரட்டுமா? நடக்க வச்சு அளந்து பாத்தா..."

"பாத்தா?"

"தெரிஞ்சிடுமில்ல?"

"என்ன தெரியும்? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரியும். என்ன வியாதின்னு தெரியாது. நாம டாக்டர் இல்ல, லரிஸா. அதுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. அதுக்கு முன்னாடி உக்கார வச்சுப் பேசுறதுக்குன்னே ஆள் இருக்காங்க. எனக்குத் தெரியவே வேண்டாம்னு ஒதுங்கிப் போகவும் உங்க அண்ணனுக்கு உரிமை இருக்கு."

"அவன் ஸ்கூல் பஸ் ஓட்டுறான், புரொஃபசர்."

கோடே கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப, கண்ணால பாத்தத மட்டும் சொல்லு. அதுக்குப் பேர் வைக்கிற வேலைய நீ எடுத்துக்காத."

*

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள், அக்டோபரின் இரண்டாம் திங்கள், நன்றித் திருநாள்; பள்ளிக்கு விடுமுறை. இரண்டரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு லரிஸா பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அறுத்து முடித்த வயல்கள் இருபுறமும் மொட்டையாகக் கிடந்தன. கொட்டகைக்கு முன்னால் மஞ்சள் பேருந்து நின்றது. அவள் அதைப் பார்க்காத மாதிரி தாண்டி வந்தாள்.

"வாங்க ஜிம் டீச்சர், வாங்க!" நெஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "குதிச்சு விளையாடுறதுக்கு நாலு வருஷப் படிப்பாம், அதுக்கு ஒரு பட்டமாம். நான் இங்க சும்மாவே குதிச்சிட்டிருக்கேன். எனக்கு யாரு தர்றா?"

"நீ எங்க குதிக்கிற? வண்டியில ஏறி உக்காந்தா இறங்கறதே இல்ல" என்றாள் ஷெல்பி. வயிற்றின்மேல் தட்டை வைத்துக்கொண்டு ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வா லரிஸா. உன் அண்ணன் இப்பெல்லாம் எதை எடுத்தாலும் போட்டு உடைக்கிறான். இந்த மாசம் மட்டும் நாலு கப்பு. அதுக்கு ஏதாவது பயிற்சி இருந்தா சொல்லிக் குடு."

அடுப்பருகே நின்றிருந்த அம்மா ஸோனியா திரும்பவில்லை. வான்கோழியின்மேல் சாற்றை ஊற்றிக்கொண்டே, "கை கழுவிட்டு வா" என்றாள் மகளிடம்.

நெஸ்டர் விடுவதாயில்லை. "அதான் சரி. என்னையே சோதிச்சுப் பாரேன். ரெண்டு மாசமா முதுகு வேற பிடிச்சிருக்கு. உன் லேப்ல என்ன செய்யச் சொல்லுவாங்க, சொல்லு."

"வேண்டாம் நெஸ்டர். சாப்பிடலாம்."

"பாத்தியா ஷெல், ஒண்ணும் தெரியாது இவளுக்கு. நாலு வருஷமும் தூங்கியிருக்கா."

"சொல்லேன் லரிஸா" என்று ஷெல்பி கைபேசியை எடுத்தாள். "நான் படம் பிடிக்கிறேன். பாப்பா பெரிசானதும் காட்டலாம்."

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்திருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். ஆனால் லரிஸாவுக்குள் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று துடித்தது. அதற்காக அவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

"தரையில ரெண்டு விரிப்பும் சேர்ற கோடு இருக்கில்ல? அதுமேல நட. ஒரு கால் விரலோட அடுத்த கால் குதி ஒட்டணும். பத்து அடி."

"இவ்வளவுதானா?"

முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி. நான்காவதில் கால் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. சிரித்துக்கொண்டே சரிசெய்தான். ஆறாவதில் இரண்டு கையும் இறக்கை மாதிரி எழுந்தன. ஏழாவதில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய, குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு பீர்கூட முடியல, அதுக்குள்ளயா!" ஷெல்பி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நாக்க நீட்டு" என்றாள் லரிஸா. அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. "நான் பத்து எண்ணுற வரைக்கும் உள்ள இழுக்காத."

அப்போதுதான் அவள் தற்செயலாக அம்மாவைப் பார்த்தாள். நெஸ்டர் இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் ஸோனியா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று எண்ணுவதற்குள் நாக்கு உள்ளே போய்விட்டது. நெஸ்டர் மறுபடி நீட்டினான். இந்தத் தடவை இரண்டுகூடத் தாங்கவில்லை.

"தவள மாதிரி இருக்கு!" என்றாள் ஷெல்பி.

"போதும்!"

கரண்டி அடுப்பில் விழுந்த சத்தத்தில் மூவரும் திரும்பினார்கள். ஸோனியா குறுக்கே வந்து நின்று ஷெல்பியின் கைபேசியைக் கையால் மறைத்தாள். "என் வீட்ல இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். எல்லாம் ஆறுது. உக்காருங்க."

ஆவி பறக்கும் தட்டுகளைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். லரிஸா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும். நாக்கு நிற்காது என்பது அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

*

இரண்டு மணிக்கு ஷெல்பி கிளம்பினாள். அவள் அம்மா வீட்டிலும் இன்று விருந்து. அரிசி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் ஒரு சட்டி நிறைய ஸோனியா கட்டிக் கொடுத்தாள்.

"அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் அங்க இருக்கணும்" என்று ஷெல்பி கார் ஜன்னல் வழியே விரலை ஆட்டினாள். "லேட்டானா எங்கம்மா பேச்ச நான் வாங்க முடியாது."

நெஸ்டர் கொட்டகைப் பக்கம் போனான். அம்மாவும் மகளும் சமையலறையில் தனியாக நின்றார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு என்ன வியாதிம்மா?"

"தட்ட துடைச்சு வை."

"அம்மா."

"குடி. ஊருக்கே தெரியும்."

"அப்பா குடிச்சு நான் பாத்ததே இல்ல. இப்பதான் யோசிக்கிறேன். ஒரு தடவகூட அவர்மேல வாசன அடிச்சதில்ல. நடைய மட்டும்தான் பாத்திருக்கேன்."

ஸோனியா குழாயை மூடினாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஷெல்பி பெத்து எழுந்திருக்கட்டும்" என்றாள் மெல்ல. "பிப்ரவரி வரைக்கும்தான கேக்கிறேன். அதுவரைக்கும் உன் படிப்ப உனக்குள்ளயே வச்சுக்க."

"பிப்ரவரி வரைக்கும் அந்த பஸ்ஸ யாரும்மா ஓட்டுறது?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல! கொஞ்சம் அலுப்பு. அறுவடை முடிஞ்ச அலுப்பு."

"நீ கண்ண மூடிக்கிட்ட. நான் பாத்தேன்."

லரிஸா மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலிருந்து, "லரிஸா, உன் கால்ல விழறேன்!" என்று அம்மாவின் குரல் வந்தது. இருபத்தொரு வருடத்தில் அம்மா அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

*

நெஸ்டர் பேருந்தின் வலது பக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தான். புதுக் கண்ணாடி. அதற்குக் கீழே மஞ்சள் வண்ணம் முழ நீளத்துக்கு உரிந்து தகரம் தெரிந்தது.

"என்ன ஆச்சு?"

"மான். வியாழக்கிழமை குறுக்க வந்துடுச்சு."

போல்ட்டைத் துளையில் வைத்தான். அது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. லரிஸா குனிந்து எடுத்து, தானே அதைத் துளையில் பொருத்தித் திருகினாள்.

"மான் இடிச்சா முன்னாடிதான நசுங்கும்?" என்றாள்.

"நீ போலீஸ் வேலைக்கும் படிக்கிறியா?"

"நெஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும். நான் பாத்தத மட்டும் சொல்றேன். நடக்கும்போது உன் கால் உன் பேச்சக் கேக்கல. நாக்கு நிக்கல. சும்மா உக்காந்திருக்கும்போது உன் விரல் ஆடுது. அது உனக்கே தெரியல. அப்பாவுக்கும் இதெல்லாம் இருந்துச்சு."

"அப்பா குடிகாரன்."

"இல்லன்னு நினைக்கிறேன்."

ஸ்பேனரைத் தூக்கிப் பெட்டியில் எறிந்தான். "யாரு நீ? ஓட்டப்பந்தயம் ஓடுறவன் முட்டிக்குப் பட்டி கட்டுற படிப்பு படிச்சிட்டு, என் வீட்ல வந்து எனக்கு வியாதின்னு சொல்றியா? விருந்துன்னு கூப்பிட்டா இதான் நீ கொண்டு வர்றதா?"

"டாக்டரப் பாரு. நான் சொல்றது தப்பா இருந்தா வாழ்நாள் பூரா என்னக் கிண்டல் பண்ணு. நான் வாங்கிக்கிறேன். ஆனா செவ்வாக்கிழமை இந்த வண்டிய எடுக்காத."

"எடுப்பேன்."

"மான் இல்லன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நெஸ்டர் பேருந்தின் படியில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுடைய வலது கை முழங்காலின்மேல் ஆடியது. இந்தத் தடவை அவனும் அதைப் பார்த்தான். இடது கையால் அதைப் பிடித்து அழுத்தினான். அழுத்திய கைக்கு அடியிலும் அது நெளிந்தது.

"மகோவ்ஸ்கி வீட்டுத் திருப்பம்" என்றான். "பனியும் இல்ல, மழையும் இல்ல. என் கை என்னமோ தன்னால இழுத்துடுச்சு. வண்டி சரிஞ்சு தபால் பெட்டிக் கம்பத்துல உரசிட்டுப் போச்சு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். பசங்க எல்லாம் கைதட்டிச்சுங்க, லரிஸா. இன்னொரு தடவ பண்ணு மாமான்னு கத்திச்சுங்க."

அவள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"கம்பத்துக்கிட்ட அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்துச்சு. ஆறு வயசு. எப்பவும் ரெண்டடி பின்னால நிக்கும். அன்னிக்கும் பின்னாலதான் நின்னுச்சு." அவன் எழுந்தான். "வா."

"எங்க?"

"அம்மாகிட்ட."

*

ஸோனியா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் மேசைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா குடிச்சாரா?" என்றான் நெஸ்டர்.

"நெஸ்டர், கண்ணு..."

"குடிச்சாரா இல்லையா? ஒரு வார்த்தை."

"இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஸோனியா தன்னை நிறுத்தவில்லை. அண்ணனும் தங்கையும் நின்றபடியே கேட்டார்கள்.

"லரிஸாவுக்கு அப்ப ஆறு வயசு. நகரத்துல நரம்பு டாக்டர்கிட்டப் போனோம். கோடு மேல நடக்கச் சொன்னாங்க. நாக்க நீட்டச் சொன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஹன்டிங்டன்னு சொன்னாங்க. அப்பதான் உங்க தாத்தாவப் பத்தியும் புரிஞ்சுச்சு. அவர பைத்தியம்னு சொல்லி ஆஸ்பத்திரியில போட்டிருந்தாங்களே, அதுவும் இதுதான். வண்டி நிறுத்துற இடத்துலயே உங்கப்பா ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு. திரும்பி வர்ற வழியில ஒரு பாட்டில் வாங்கினாரு. நான் ஏன்னு கேக்கல. பாதிய ரோட்டோரமா கொட்டிட்டு மீதிய வண்டிக்குள்ள முன்கண்ணாடிக்குக் கீழ வச்சாரு, ஊருக்கே தெரியுற மாதிரி. 'குடிகாரன் பிள்ளைய ஒருத்தி கட்டிக்குவா, ஸோனியா. இந்த வியாதிக்காரன் பிள்ளைய எவ கட்டிக்குவா?'ன்னாரு. நான் சரின்னேன். அந்த அரை பாட்டில் நாலு வருஷம் அங்கயே இருந்துச்சு."

லரிஸா சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன ஒவ்வொரு தடவையும் அப்பா என்ன நினைத்திருப்பார்? அவள் ஒதுங்கிப் போனதைப் பார்த்து, திட்டம் சரியாகத்தான் நடக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாரா?

"நான் அவர் சவப்பெட்டியத் தூக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றான் நெஸ்டர். "இருபத்து மூணு வயசு எனக்கு. குடிச்சுச் செத்தவனுக்குத் தோள் குடுக்க மாட்டேன்னு சர்ச் வாசல்ல நின்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னுட்டிருந்த. ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருந்தா நீ ஷெல்பியக் கட்டியிருப்பியா?"

"அதைத்தான்மா கேக்கிறேன்! கட்டியிருப்பேனான்னு யோசிக்க எனக்கு ஒரு வாய்ப்பு குடுத்தியா? அவளுக்குக் குடுத்தியா? அவ வயித்துல இருக்கிற..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ஏணியில இருந்து அவர் விழுந்தாரா? குதிச்சாரா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் ஸோனியா. "நான் பாக்கல. சத்தியமா நான் பாக்கல."

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. ஒருவரும் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நெஸ்டர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான். எண்ணைத் தொட முயன்றான். விரல் தவறி வேறெங்கோ பட்டது. இரண்டாம் தடவை சரியாகப் பட்டது. மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான்.

"மார்ஜ், நெஸ்டர் பேசுறேன்."

மார்ஜ் பேருந்து ஓட்டுநர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். நல்லவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்த செய்திக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. "என்னப்பா, பண்டிகையும் அதுவுமா? மான் மறுபடி வந்துச்சா?" என்று சிரித்தாள்.

"மான் இல்ல, மார்ஜ். அன்னிக்கும் மான் இல்ல. நான்தான் கம்பத்துல இடிச்சேன். செவ்வாக்கிழமையிலருந்து நான் வரல."

சிரிப்பு நின்றது. "உடம்பு சரியில்லையா? எத்தன நாளைக்கு?"

எத்தனை நாளைக்கு என்ற கேள்வியை நெஸ்டர் இன்னும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"ஹலோ? நெஸ்டர், குடிச்சிருக்கியா?" என்றாள் மார்ஜ். அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "சொல்லு, பரவாயில்ல. உங்கப்பாவ எனக்குத் தெரியும். ரத்தத்துல இருக்கிறது..."

ஸோனியா எட்டிக் கைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மார்ஜ், நான் ஸோனியா. கேட்டுக்க. என் பையன் குடிக்கல. வால்டரும் குடிக்கல. வால்டருக்கு ஹன்டிங்டன்னு ஒரு வியாதி. அதுலதான் அவர் தள்ளாடினாரு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, நான் சிரிக்க விட்டேன். பதினஞ்சு வருஷமா விட்டேன். என் புருஷன் குடிகாரன் இல்ல. யாருகிட்ட வேணா சொல்லிக்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உனக்கு வேற டிரைவர் கிடைப்பாங்களா?" என்று கேட்டாள் ஸோனியா.

"கிடைப்பாங்க... ஸோனியா, நான்..."

ஸோனியா இணைப்பைத் துண்டித்தாள். கை இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் உறைத்தது நெஸ்டருக்கு. நாற்காலி பின்னால் சரிய எழுந்தான்.

"அம்மா! மார்ஜ் வீடு ஷெல்பியோட அம்மா வீட்டுக்கு அடுத்த வீடு!"

மூன்று பேருமே அதை மறந்திருந்தார்கள்.

நெஸ்டர் வாசலில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு அடி ஓடினான். அங்கேயே நின்றான். திரும்பி வந்து சாவியைத் தங்கையின் கையில் வைத்தான்.

"நீ ஓட்டு."

*

பன்னிரண்டு மைல் மண்சாலை. லரிஸா வண்டியை விரட்டினாள். சரளைக் கற்கள் அடிப்பகுதியில் பொரிந்தன.

"உனக்கு?" என்றான் நெஸ்டர் திடீரென்று.

"தெரியாது."

"பாத்துக்கிட்டியா?"

"தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு நாக்க நீட்டி எண்ணுறேன்."

"எத்தன வரைக்கும் நிக்குது?"

"பத்து."

"அப்ப உனக்கில்ல." அவன் குரலில் ஒரு நிம்மதி வந்தது.

"எனக்கு இருபத்தொண்ணுதான் ஆகுது, நெஸ்டர். இந்த வயசுல உனக்கும் பத்து நின்னிருக்கும்."

அவன் கையை நீட்டி அவள் தோளில் வைத்தான். அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அவள் அதை விலக்கச் சொல்லவில்லை.

"எனக்கு அந்த ரத்தப் பரிசோதனை எடுத்துத்தான் ஆகணுமா?"

"கட்டாயம் இல்ல. யாரும் உன்னக் கட்டாயப்படுத்த முடியாது. என்னையும்தான்."

"குழந்தைக்கு?"

"அத நீயும் ஷெல்பியும்தான் பேசணும். பேசுறதுக்கு உதவி பண்ண ஆள் இருக்காங்க. நானும் வர்றேன், நீ கூப்பிட்டா."

"என்னன்னு ஆரம்பிக்கிறது? சொல்லிக் குடு. நாலு வருஷம் படிச்சியே."

"அது படிப்புல இல்ல" என்றாள் லரிஸா.

கைபேசி அடித்தது. ஷெல்பி. நெஸ்டர் அதை எடுப்பதற்குள் இரண்டு தடவை கை நழுவிக் காலடியில் விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தான். வண்டிக்குள் அவள் பேசியது லரிஸாவுக்கும் கேட்டது.

"நெஸ்டர், மார்ஜ் இங்க வந்துட்டுப் போறா."

"ஷெல், நான் வந்துட்டிருக்கேன்."

"அவ எங்கம்மாவத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொன்னா. இப்ப அம்மா என் முகத்தப் பாக்க மாட்டேங்கிறா. என் வயித்தையே பாக்கிறா." கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "அவங்க சொல்லி நான் கேக்க மாட்டேன். எனக்கு நீ சொல்லணும். நான் வாசல்ல நிக்கிறேன். நீ வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டேன்."

இணைப்பு அறுந்தது.

கடைசித் திருப்பத்தில் ஷெல்பியின் அம்மா வீடு தெரிந்தது. வாசல் படியில் ஒரு உருவம். குளிருக்கு மேல்சட்டையைப் போட்டிருந்தாள். வயிற்றுக்குமேல் அது மூடவில்லை. வண்டியைப் பார்த்ததும் ஒரு படி இறங்கினாள்.

"மெதுவாப் போ" என்றான் நெஸ்டர்.

லரிஸா வேகத்தைக் குறைத்தாள்.

"இன்னும் மெதுவா."

அவள் இன்னும் குறைத்தாள். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஷெல்பி இன்னொரு படி இறங்கினாள்.